பேரனுக்கு வாங்கிய ஸ்பிரிங்

சனிக்கிழமை காலை கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் வந்தேன். மூன்று மணித்தியாலம், இரண்டு பிளேன்டீ, ஒரு ரோல்ஸ். கையில் மிஞ்சியது சிகரெட் பெட்டி ஈயத்தாளில் சுற்றிய நாலைந்து சுருள் கம்பிகள். அம்மாவின் மூக்குத்தி இதைவிடப் பாரமாக இருக்கும்.

எல்லாம் அந்தப் பச்சைச் சனியனால். அதன் பிறவி நிறம் என்ன என்று இப்போது எவருக்கும் நினைவில்லை. அப்பா கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டை அதன் தலையில் கொட்டியே இருபது வருடமாகிறது. யமஹா பீ.டபிள்யூ 50. 1981இல் சின்னப் பிள்ளைகளுக்கென்றே சந்தைக்கு விட்ட குட்டி மோட்டார் சைக்கிள். பெரிய மாமா சவூதியிலிருந்து அனுப்பிய சாமான்களோடு வந்தது. நான் விழுந்தேன், தம்பி விழுந்தான், மச்சாளின் முன்பல் போனது, இப்போது என் மகன். 49 சிசி, கியர் இல்லை, சங்கிலி இல்லை, பின் சில்லுக்கு ஷாஃப்ட்தான். கிளச் லீவரும் கிடையாது.

"கிளச் லீவரே இல்லாத வண்டிக்கு என்னத்துக்குக் கிளச் ஸ்பிரிங்?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். கார்னிவலில் சங்கிலி ராட்டினம் சுற்றச் சுற்ற ஆட்கள் வெளியே பறப்பார்களே, அதுதான் அந்தக் கிளச் என்று விளக்கினேன். எஞ்சின் வேகம் பிடிக்க உள்ளே இருக்கும் ஷூக்கள் வெளியே பறந்து சுற்றியிருக்கிற டிரம்மைக் கவ்வும், வண்டி நகரும். "பறக்காதே, பொறு" என்று இழுத்துப் பிடித்திருப்பது ஸ்பிரிங். எங்கள் வீட்டில் அந்த வேலை உனக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லகாலம், அந்நேரம் குக்கர் விசிலடித்தது.

போன கிழமை அந்த ஸ்பிரிங்குகளில் ஒன்று கொக்கியின் கழுத்தில் முறிந்துவிட்டது. முறிந்தால், சும்மா ஸ்டார்ட் பண்ணி விட்டாலே ஷூ கவ்வத் தொடங்கிவிடும். மகன் உதைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஹெல்மெட் எடுக்கத் திரும்பினான். வண்டி தன்பாட்டில் கார் பார்க்கைக் கடந்து போய் எங்கள் அடுக்குமாடிக் கமிட்டித் தலைவரின் காரை முத்தமிட்டது. ஆளில்லாமல் போன முதல் வெள்ளவத்தைக்காரன் அதுவாகத்தான் இருக்கும். பம்பரில் ஒரு பச்சைக் கோடு. வாட்ஸ்அப் குழுவில் படம், பெரிதாக்கிய படம், அம்புக்குறி போட்ட படம். மன்னிப்பு நான்தான் கேட்டேன்.

வெள்ளவத்தையில் ரயிலேறி மருதானையில் இறங்கினால் பஞ்சிகாவத்தை நடக்கிற தூரம். அங்கே கிடைக்காத வாகனப் பாகம் இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் கேட்ட பாகம் கேட்ட கடையில் இருக்காது. முதல் கடைக்காரப் பொடியன் என்னை "அங்கிள்" என்றான். ஸ்கூட்டர் கிளச்சுக்கு வரும் வண்ண ஸ்பிரிங்குகளை மேசையில் பரப்பி 1000, 1500, 2000 என்று ஏலம் விடுகிற மாதிரிச் சொன்னான். எண் கூடக் கூட ஸ்பிரிங் கடினம், எஞ்சின் அவ்வளவு கத்திய பிறகுதான் கிளச் பிடிக்கும். "2000 போடுங்க அங்கிள், சும்மா பாயும்." எட்டு வயதுப் பிள்ளை கத்திக்கத்தி நின்றுவிட்டுத் திடீரென்று பாய்ந்தால் போய் நிற்பது காரில் இல்லை, கடலில். அதோடு அவன் காட்டியது எங்கள் வண்டிக்கு அளவும் இல்லை.

இரண்டாம் கடை முதலாளி "என்ன மல்லி?" என்றார். நரை காதுவரை இறங்கிய என்னைத் தம்பி என்று கூப்பிட்ட அந்த இடத்திலேயே வியாபாரம் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் சடங்கு. அவர் ஒரு பால்மா டின்னைக் கவிழ்த்தார். நூறு ஸ்பிரிங்குகள், ஒன்றையொன்று கொக்கியில் பிடித்துக்கொண்டு, கோயில் வரிசையில் சொந்தக்காரர் மாதிரி. நான் கொண்டுபோன முறியாத பழைய ஸ்பிரிங்கை வலக்கையிலும் டின் ஸ்பிரிங்கை இடக்கையிலும் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார், காதருகே வைத்தும் பார்த்தார். என்ன கேட்டதோ. பழையதும் இழுபட்டுத்தான் இருக்கும், ஒன்றை மட்டும் மாற்றாதே, எல்லாவற்றையும் ஒன்றாக மாற்று, ஒன்று இறுக்கம் ஒன்று தளர்வு என்றால் கிளச் நடுங்கும் என்றார். இதைச் சொல்ல மெக்கானிக் பாஸ் போன முறை எண்ணூறு ரூபாய் எடுத்தவர்.

மெதுவானதா, இறுக்கமானதா? வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். மகன் இறுக்கமானது என்றான். மனைவி மெதுவானது என்றாள். அம்மா "உந்தப் பிசாசை விக்கச் சொல்லி எத்தனை தரம் சொன்னனான்" என்றார். அப்பா மட்டும் நிறைய யோசித்து, "நடுத்தரமா ஒண்டு எடு தம்பி, பேரனுக்குத்தானே" என்றார். நடுத்தரமாக எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன். ஐட்லிங்கில் பேசாமல் நிற்கிறது, த்ரொட்டிலைத் தொட்டால் பூனை மாதிரி நகர்கிறது. எனக்கே ஆசை வந்தது, முழங்கால் வேண்டாம் என்றது.

இன்னொரு விஷயம். பிள்ளை ஓவராய் முறுக்காமல் இருக்க இந்த வண்டியின் த்ரொட்டிலில் ஒரு தடுப்புத் திருகாணி உண்டு. உள்ளே திருகினால் வேகம் குறையும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் உள்ளே திருகுவேன், அடுத்த கிழமை பார்த்தால் வெளியே வந்திருக்கும். அதிர்வில் கழல்கிறது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

ஞாயிறு இரவு பத்து மணிபோல வாட்ஸ்அப் குழுவில் கீழ்வீட்டு அன்ரி: "கார் பார்க்கில் நுளம்புக்குப் புகை அடிக்கிறார்களா?" இந்த நேரத்தில் எந்த மாநகரசபை வந்து புகை அடிக்கும்? இறங்கிப் போனேன்.

நீலப் புகைக்குள்ளே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால்கள் காது வரை வர, எழுபத்தொரு வயது அப்பா தூண்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். கார் ஓட்டுவதை டொக்டர் நிறுத்தச் சொல்லி ஒன்றரை வருடம். முகத்தில் சிரிப்புமில்லை, பயமுமில்லை, காலி வீதியில் ட்ராஃபிக் பார்த்து ஓட்டுகிற அதே கவனம். திரும்பும்போதெல்லாம் கையைக் காட்டி சிக்னல் போட்டார். மூலைத் தூணடியில் வாச்சரின் கதிரையில் அம்மா, அவர் திரும்புகிற இடத்துக்கு ஃபோன் லைட்டைப் பிடித்தபடி.

என்னைக் கண்டதும் லைட்டை அணைத்தார். "நீ போய்ப் படு. இன்னும் ரெண்டு ரவுண்ட் கிடக்கு."