சோளிங்கர்: பெரிய மலையும் சின்ன மலையும் ஒரே பகலில்

சென்னையிலிருந்து சோளிங்கர் போகிறவர்களில் பலர் பெரிய மலையோடு திரும்பிவிடுகிறார்கள். சின்ன மலை ஆஞ்சநேயரை அடிவாரத்திலிருந்தே கைகூப்பிவிட்டு வண்டி ஏறுகிறார்கள். கேட்டால் கால் வலி என்பார்கள். உண்மையில் தவறியது நேரக் கணக்கு. எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, வழியில் டிபன் முடித்து, பதினொன்றரைக்கு அடிவாரம் சேர்ந்தால் பெரிய மலையின் 1305 படியும் உச்சி வெயில் நேரத்தில்தான் ஏற வேண்டும். இறங்கி வரும்போது இன்னொரு மலையைப் பார்க்கவே மனம் வராது.

ராணிப்பேட்டை மாவட்டத்தில், சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் இருக்கிறது இந்தத் திவ்ய தேசம். ஆழ்வார் பாசுரங்களில் இதன் பெயர் கடிகை. பெரிய மலையில் யோக நரசிம்மரும் அமிர்தவல்லித் தாயாரும். எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். மலைக்கோயிலின் உற்சவரான பக்தோசிதப் பெருமாள் ஊருக்குள் தனிக் கோயிலில் எழுந்தருளியிருக்கிறார். இந்த மலை மேல் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், இருந்தாலே வீடுபேறு என்பது நம்பிக்கை. விசுவாமித்திரர் பிரம்மரிஷிப் பட்டம் பெற்றதும் இங்கே ஒரு நாழிகை இருந்து வழிபட்டதால்தான் என்கிறது தல புராணம். அப்படிப்பட்ட இடத்தில் வரிசையில் நின்று, அரை நிமிடம் சேவித்து, அடுத்த நிமிடமே செருப்பைத் தேடி இறங்குவது என்ன கணக்கோ தெரியவில்லை. மேலே ஒரு நாழிகை உட்காரக் கிடைக்கும்படி நாளைத் திட்டமிடுங்கள். மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

காரில் வந்தால் இரண்டு வழி. திருவள்ளூர், திருத்தணி வழியாக வரலாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் தாண்டிக் காவேரிப்பாக்கத்தில் பிரிந்தும் வரலாம். எதில் வந்தாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே ஐந்து மணிக்கு ஊரை விட்டு வெளியேறிவிட வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் அரக்கோணத்திலோ திருத்தணியிலோ இறங்கிப் பேருந்து பிடிப்பதே நல்லது. சோளிங்கர் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, பெயரைப் பார்த்து அங்கே இறங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. அது ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி இருக்கிறது, வண்டி கிடைக்கும் வரை காத்திருப்பதிலேயே காலை போய்விடும். பேருந்தில் வந்தவர்களும் சோளிங்கர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் வந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். மலைகள் இருப்பது அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் உள்ள கொண்டபாளையத்தில். ஷேர் ஆட்டோ, பேருந்து இரண்டும் உண்டு.

முறைப்படி முதலில் தக்கான் குளம். பிரம்ம தீர்த்தம் என்றும் சொல்வார்கள். இதன் கரையில் ஒரு வரதராஜர் சந்நிதி உண்டு. அதன் பின்னால் நல்ல கதை ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் வாழ்ந்த தொட்டாச்சாரியார் ஆண்டுதோறும் வைகாசியில் வரதராஜர் கருடன் மேல் எழுந்தருளும் கருட சேவைக்குக் காஞ்சிபுரம் போகிறவர். ஓராண்டு உடல் தளர்ந்து போக முடியாமல் இந்தக் குளக்கரையில் நின்று உருகினார். வரதர் கருடன் மேல் இங்கேயே வந்து காட்சி கொடுத்தார். இன்றும் காஞ்சியில் கருட சேவையின்போது ஒரு கணம் குடையால் பெருமாளை மறைப்பார்கள். அந்த நேரத்தில் பெருமாள் சோளிங்கர் போய் வருகிறார் என்று ஐதீகம். குளத்தில் இறங்கி நீராடுவது அவரவர் விருப்பம். ஆனால் ஈர வேட்டி, ஈரப் புடவையோடு படி ஏற வேண்டாம். தொடை உரசிப் புண்ணாகும், சொட்டுகிற நீர் பின்னால் வருகிறவருக்கும் வழுக்கும்.

பெரிய மலை முதலில், சின்ன மலை அடுத்து. நரசிம்மரைச் சேவித்துவிட்டு ஆஞ்சநேயரிடம் போவதே மரபு, உடம்புக்கும் அதுதான் சௌகரியம். பெரிய மலையின் உயரம் சுமார் 750 அடி. படிகளால் வகுத்தால் சராசரியாக ஒரு படி ஏழு அங்குலம். வீட்டு மாடிப்படியின் உயரம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லாப் படியும் ஒரே அளவில் இருக்காது. தேய்ந்த கல், சற்றே சரிந்த கல், திடீரென்று உயரும் கல் என்று மாறி மாறி வரும். தடுமாறுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான், அதுவும் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறவர்கள்.

எத்தனை வேகத்தில் ஏறுவது? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். “கோவிந்தா, கோவிந்தா” என்று மூன்று முறை மூச்சு அறுபடாமல் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. இரண்டாவது கோவிந்தாவிலேயே இளைத்தால் நின்றுவிட வேண்டும். முதல் இருநூறு படியை உற்சாகத்தில் ஓடி ஏறுகிற இளைஞர்கள் ஐந்நூறாவது படியில் சுவரில் சாய்ந்து கிடப்பதும், பிடித்துப் பிடித்து ஏறுகிற பாட்டி அவர்களைத் தாண்டிப் போவதும் அங்கே தினசரிக் காட்சி. நூறு படிக்கு ஒரு நிமிடம் நின்றபடியே ஓய்வு எடுத்தால் போதும். அடிக்கடி உட்கார்ந்தால் கால் இறுகிப்போகும். பழக்கமுள்ளவர்களுக்கு முக்கால் மணி, நடுவயதினருக்கு ஒரு மணி, முதியவர்களுக்கு ஒன்றரை மணிக்கு மேல்.

வெறும் வயிற்றோடு ஏறுவது விரதமாக இருக்கலாம், சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களுக்கு அது ஆபத்து. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஏறினால் பாதி மலையில் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சு குழறும். உடனே வாயில் கல்கண்டைப் போட வேண்டும். நல்லவேளையாக இந்தப் பெருமாள் அக்காரக்கனி, அதாவது சர்க்கரைக் கனி. திருமங்கையாழ்வார் அப்படித்தான் பாடியிருக்கிறார். கல்கண்டும் வெல்லமும் இங்கே அர்ச்சனைத் தட்டிலேயே வரும். ஏறும்போதே ஒரு பொட்டலம் மடியில் இருக்கட்டும். மார்பில் அழுத்தமோ இடது கை, தாடை வலியோ வந்தால் மட்டும் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று ஏறக் கூடாது. அங்கேயே உட்கார்ந்து ஆளை அழைக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மஞ்சள் பையில் தேங்காய், பழம், பூ என்று தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் காத்திருக்கின்றன. சோளிங்கர் குரங்குகளுக்குப் பையின் சத்தமே போதும், உள்ளே என்ன என்று பார்க்கவே வேண்டாம். சரசரக்கும் பிளாஸ்டிக் கவர்தான் முதலில் பறிபோகும், அடுத்தது மூக்குக்கண்ணாடி. பொருள்களை முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். அடிவாரக் கடைகளில் குச்சி கிடைக்கும். அது அடிப்பதற்கு அல்ல, தரையில் தட்டி ஓசை எழுப்ப. குரங்கின் கண்ணை உற்றுப் பார்ப்பதும் பல்லைக் காட்டிச் சிரிப்பதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பு. பையைப் பிடித்துவிட்டால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள், பையைவிடக் கை பெரிது. கடியோ கீறலோ பட்டால் மஞ்சள் வைக்காமல் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். புண்ணியம் என்று பொரி போடுகிறவர்களால்தான் இவ்வளவும். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

செருப்பைக் கீழேயே விட்டுவிடுவது வழக்கம். படிகளின் பெரும்பகுதிக்கு மேலே கூரை இருப்பதால் வெயில் நேராக விழாது. ஆனால் திறந்த இடங்களில் பத்தரை மணிக்கு மேல் கல் சுடத் தொடங்கிவிடும். காலுறை போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தேய்ந்த கருங்கல்லில் நூல் காலுறை வழுக்கும், குறிப்பாக இறங்கும்போது. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டு ஏறும் வேண்டுதல்காரர்கள் ஒரு படிக்கு ஒரு சிட்டிகை என்றாலும் கால் கிலோவுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓரமாக இடுங்கள். நடுப்படியில் எண்ணெயும் கற்பூரமும் வேண்டவே வேண்டாம்.

ஏற முடியாதவர்களுக்காக 2024இல் பெரிய மலைக்கு ரோப் கார் வந்துவிட்டது. முழங்கால் தேய்ந்த பெற்றோரை அதில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் படியில் ஏறுவதுதான் குடும்பத்துக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் காற்று பலமாக அடித்தாலோ பராமரிப்பு நடந்தாலோ அது ஓடாது. கிளம்புமுன் கோயில் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேலே முதலில் தாயாரைச் சேவித்துப் பெருமாளிடம் போங்கள். யோக நிலையில் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். ஆண்டு முழுவதும் யோகத்தில் இருப்பவர் கார்த்திகையில் கண் திறந்து பார்க்கிறார் என்பதால் அந்த மாதத்து வெள்ளியும் ஞாயிறும் தமிழகமும் ஆந்திரமும் சேர்ந்து வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் நாழிகைக் கணக்கெல்லாம் நடக்காது. கார்த்திகையில் வரத்தான் வேண்டும் என்றால் செவ்வாய், புதனில் வாருங்கள். அமைதியாகச் சேவிக்கத் தை, மாசி சிறந்தது. பங்குனி வெயில் தொடங்கிவிட்டால் ஆடி வரை தள்ளிப் போடலாம்.

சேவித்தபின் நிழலான இடமாகப் பார்த்து 24 நிமிடம் உட்காருங்கள். செல்போனில் அலாரம் வைத்துவிட்டு அதைப் பைக்குள் போட்டுவிடலாம். ஏறிய களைப்பில் படபடக்கும் நெஞ்சு அடங்கவே அதில் முதல் பத்து நிமிடம் போகும்.

இறங்குவது எளிது என்று நினைத்துத்தான் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரத்தைத் தொடைத் தசை தாங்கிப் பிடிக்கிறது. மறுநாளைவிட மூன்றாம் நாள் வலி அதிகமாக இருப்பதும் அதனால்தான். ஒரு கால் வலிக்கிறவர்களுக்கு விதி சுலபம்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே. நேராகக் குதித்து இறங்காமல் சற்றுக் குறுக்காக, கைப்பிடிச் சுவர் ஓரமாக இறங்குங்கள். கால் நடுங்கத் தொடங்கினால் நிற்க வேண்டும்.

சின்ன மலைக்கு 406 படி. மோர் குடித்துக் கால் மணி ஓய்வெடுத்தால் அரை மணியில் ஏறிவிடலாம். தவம் செய்த முனிவர்களுக்கு அரக்கர்கள் இடையூறு செய்ய, அவர்களை அழிக்கப் பெருமாளிடமிருந்தே ஆஞ்சநேயர் சங்கு சக்கரம் பெற்றார் என்பது புராணம். அதனால் அவருக்கு இங்கே நான்கு கரங்கள், இரண்டில் சங்கும் சக்கரமும். யோகத்தில் அமர்ந்து பெரிய மலையை நோக்கியிருக்கிறார். எட்டு மணிக்கு முதல் படியில் கால் வைத்தவர்கள் பன்னிரண்டரைக்கு இவரையும் சேவித்து இறங்கிவிடலாம். மாலையில் ஏறலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். பொழுது சாய்வதற்குள் மலைக் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள்.

மொத்தம் 1711 படி. பழக்கமே இல்லாதவர்கள் இரண்டு வாரம் முன்னதாகப் பல்லாவரம் பக்கத்துத் திருநீர்மலையில் தொடங்கலாம், அடுத்து செங்கல்பட்டிலிருந்து 14 கிலோமீட்டரில் உள்ள திருக்கழுக்குன்றம். வேதகிரீசுவரருக்கு 565 படி. இறங்க வேறு வழி உண்டு, அதில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் வரும். அங்கே நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், ஒன்பது மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். அந்த 565 படியை இரண்டே ஓய்வில் ஏற முடிந்தால் அடுத்த வாரமே சோளிங்கருக்குக் கிளம்பலாம்.