மிச்ச உல்லனில் ஒரு சரக்கொன்றைச் சரம்

குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போடுகிறவர்கள் வீட்டில் நூல் தீர்வதே இல்லை. சால்வை முடிந்தால் கால் உருண்டை, கொட்டானுக்கு ஓரம் பின்னினால் கைப்பிடி நூல் என்று ஒரு பை நிறைய சேர்ந்துவிடும். அதை வைத்து ரோஜா, டெய்சி என்று உதிரிப்பூவாகப் போட்டுத் தள்ளலாம்தான். ஆனால் ஒரு நிறத்தில் இரண்டு பூ, இன்னொன்றில் மூன்று என்று ஒன்றோடொன்று சேராமல் கிடக்கும். காரைக்குடிப் பக்கம் சித்திரையில் மஞ்சளாகத் தொங்கும் சரக்கொன்றையைப் போடுவது நல்லது. கொத்தின் மேல்பக்கம் விரிந்த பூ, நடுவில் அரைகுறையாக விரிந்தது, நுனியில் மொட்டு. நீளமான மிச்சம் பூவுக்கு, குட்டை மிச்சம் மொட்டுக்கு. எலுமிச்சை, கடுகு, மஞ்சள்கிழங்கு நிறங்கள் கலந்திருந்தாலும் குறையாகத் தெரியாது. மரத்திலேயே பழம்பூ வெளுத்துத்தான் இருக்கும்.

முதலில் நூலைப் பிரியுங்கள். லேபிள் போன உருண்டை என்ன நூல் என்று தெரியாவிட்டால், தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்து ஒரு சிறு துண்டைக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் அக்ரிலிக். கடையில் உல்லன் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் இந்த அக்ரிலிக்தான். ஒரே பூவில் பருத்தியும் அக்ரிலிக்கும் கலக்க வேண்டாம், துவைத்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும். ஒரே பூவில் இரண்டு பருமனும் கூடாது.

கீழே உள்ள அளவெல்லாம் 100 கிராமுக்கு 200 முதல் 250 மீட்டர் வரை வரும் நடுத்தர நூலுக்கும் 3 மி.மீ. ஊசிக்கும் உரியவை. இந்தக் கணக்கில் ஒரு கிராம் என்பது இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். விரிந்த பூ ஒன்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர், அரைவிரிப்புக்கு ஒன்றேகால், மொட்டுக்கு 80 செ.மீ. ஆகவே சமையலறைத் தராசில் 8 கிராம் காட்டும் உருண்டை எட்டுப் பூவுக்குக் காணும். கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பூ போட்டு, பிரித்து, அளந்துவிட்டுத் தொடங்கினால் ஐந்தாவது இதழில் நூல் தீர்ந்து நிற்க வேண்டியிராது.

விரிந்த பூ: 10 செ.மீ. வால் (நூல் முனை) விட்டு மேஜிக் ரிங், அதாவது இழுத்தால் சுருங்கி மூடும் நூல் வளையம். அதற்குள் 2 சங்கிலி, 1 டபுள் (ஊசியில் ஒருமுறை நூல் சுற்றிப் போடும் கண்ணி), 1 டிரிபிள் (இருமுறை சுற்றிப் போடுவது), 1 டபுள், 2 சங்கிலி, ரிங்கிலேயே ஒரு ஸ்லிப் (கோத்து இழுத்துவிடும் கண்ணி). ஒரு இதழ் ஆயிற்று. இப்படி ஐந்து. டிரிபிள் நடுவில் வருவதால்தான் இதழ் நுனி கொஞ்சம் கூம்பும். மூன்றையும் டபுளாகவே போட்டால் இதழ் மழுங்கிவிடும். இங்கே சொல்வது அமெரிக்க முறைப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் கற்றவர்கள் இந்த டபுளை டிரிபிளாகவும், டிரிபிளை டபுள் டிரிபிளாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிங்கை இழுத்து மூடியதும் வாலைத் தையல் ஊசியில் கோத்து, நடுத்துளையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று ஓட்டி, பிறகு எதிர்த்திசையில் பாதி திரும்பி வாருங்கள். வெறுமனே இழுத்து வெட்டினால் ஒரு வாரத்தில் நடு வாயைப் பிளந்துவிடும். கடையில் விற்கும் பூக்களிலேயே இந்தக் கோளாறைப் பார்க்கலாம். பின்னி முடித்த பக்கம் 15 செ.மீ. வால் விடுங்கள், காம்பில் தைக்க அது வேண்டும்.

பூ கிண்ணமாகக் குழிந்தால் சங்கிலி இறுகியிருக்கிறது. இரண்டுக்குப் பதில் மூன்று சங்கிலி போடுங்கள், அல்லது ஊசியை 3.5 ஆக்குங்கள். தட்டையாக நிற்காமல் அலை அலையாக நெளிந்தால் இதழ்களை எண்ணிப் பாருங்கள், பேச்சு வாக்கில் ஆறாகியிருக்கும்.

கொன்றைப்பூவின் அடையாளம் வெளியே நீண்டு வளைந்திருக்கும் மூன்று கேசரம் (மகரந்தம் தாங்கும் இழை). 6 செ.மீ. நூல் மூன்றை ஒரு முனையில் சேர்த்து முடிந்து, பூவின் பின்னிருந்து நடு வழியே இழுங்கள். முன்பக்கம் 3 செ.மீ. விட்டு, ஒவ்வொரு நுனியிலும் பழுப்புத் தையல் நூலால் ஒரு முடிச்சு. ஒரு பங்கு பெவிகால், இரண்டு பங்கு தண்ணீர் கலந்து விரலால் நீவி, வளைத்துக் காயவிட்டால் நிற்கும். இந்த ஒரு வேலைக்குச் சோம்பல்பட்டால் ஏதோ ஒரு மஞ்சள் பூவாகத்தான் இருக்கும்.

அரைவிரிப்புக்கு ஒவ்வொரு இதழும் 2 சங்கிலி, 1 டபுள், 2 சங்கிலி, ஸ்லிப். ஐந்து இதழ் முடித்து, நுனிகளை உட்பக்கமாக ஒரு தையலில் சேர்த்துவிடுங்கள். மொட்டுக்கு ரிங்கில் 6 சிங்கிள் (ஊசியில் நூல் சுற்றாமல் போடும் கண்ணி), அடுத்த சுற்றிலும் 6, பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து 3. வெட்டிப் போட்ட வால் துணுக்குகளையே உள்ளே அடைத்து இழுத்து மூடலாம். பச்சை கலந்த மஞ்சள் இருந்தால் கடைசி மொட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டுக்குப் பச்சை நூல் 9, 10 மீட்டர். தொங்கவிட 20 சங்கிலியில் ஒரு வளையம். பிறகு 4 சங்கிலி தண்டுக்கு, 10 சங்கிலி காம்புக்கு. ஊசிக்கு அடுத்த சங்கிலியை விட்டுவிட்டு, காம்பின் மேல் தளர்வாக 9 ஸ்லிப் போட்டுத் தண்டுக்குத் திரும்புங்கள். மறுபடி 4 சங்கிலி, அடுத்த காம்பு. இப்படி இருபது காம்பு, கீழே போகப் போகக் குறைத்து நுனியில் 4 சங்கிலிக் காம்பு. எட்டு பூ, ஐந்து அரைவிரிப்பு, ஏழு மொட்டு என்பது பார்வைக்குச் சரியாக இருக்கும். நுனியோடு விட்டுவிடாதீர்கள். காம்புகளை முன்னால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்டுச் சங்கிலியின் மேலேயே ஸ்லிப் போட்டு வளையம் வரை ஏறி வாருங்கள். ஒற்றைச் சங்கிலி பூக்களின் கனத்தில் நீண்டு முறுக்கிக்கொள்ளும்.

அக்ரிலிக் பூவின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. சூடு பட்டதும் நூல் துவண்டு பளபளக்கும், பழையபடி ஆகாது. ஈரப்படுத்தி, தெர்மோகோலில் குண்டூசியால் இதழ்களை விரித்துக் காயவிட்டால் போதும். பருத்திக்கு ஜவ்வரிசிக் கஞ்சி நன்றாகப் பிடிக்கும். ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை வரும், பூச்சியும் அரிக்கும். ஐப்பசிக்கு முன் கஞ்சியை அலசிவிட்டு எடுத்து வையுங்கள்.

நிலைவாசலில் மாட்டுவதென்றால் பர்மா தேக்கு நிலையில் புதிதாக ஆணி அடிக்காதீர்கள். தோரணம் கட்டும் வளையங்களுக்கு இடையே ஒரு கயிறு இழுத்து, நான்கைந்து சரங்களை ஏற்ற இறக்கமாகத் தொங்கவிடலாம். முகப்பில் நேர்வெயில் படும் பக்கம் சாயம் சீக்கிரம் வெளுக்கும், வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்தில்) நிழலில் பல மடங்கு நாள் தாங்கும். அரக்குச் சிவப்பு நூலில் ஓரக் குஞ்சம் சேர்க்கிறவர்கள் முதலில் ஈர வெள்ளைத் துணியால் அந்த நூலைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அது மஞ்சளையும் கெடுக்கும். தூசி படிந்தால் சோப்புத் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் படுக்கப்போட்டு உலர்த்துங்கள். ஈரத்தோடு தொங்கவிட்டால் தண்டு நீண்டுவிடும்.