இரண்டு வருடத் தடை முடிந்துவிட்டது, சரக்கை அனுப்பலாமா?

ஈரான், வட கொரியா, சிரியா ஆயுதப் பரவல் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமெரிக்க வெளியுறவுத்துறை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தடை போட்டால், அது வழக்கமாக 2 வருடம்தான். கெடு வந்ததும் தானாகவே விலகிவிடும். அதற்கென்று தனி அறிவிப்பு பெரும்பாலும் வராது, நாமேதான் நாளைக் கணக்கிட வேண்டும்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ஃபெடரல் ரெஜிஸ்டரில், அதாவது அமெரிக்க அரசிதழில், வரும் அறிவிப்பில் இரண்டு தேதிகள் இருக்கும்: வெளியான தேதி, அமலுக்கு வந்த தேதி. இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள்கூட இடைவெளி இருக்கலாம். கெடு ஓடுவது அமல் தேதியிலிருந்துதான். அதே நிறுவனம் இடையில் அந்த நாடுகளோடு செய்த வேறொரு பொருள் கைமாற்றத்துக்காக மீண்டும் மாட்டியிருந்தால், அந்தத் தடைக்குத் தனிக் கணக்கு. ஆகவே பெயரைப் போட்டு எல்லா அறிவிப்புகளையும் தேடுங்கள். தடை துணை நிறுவனங்களுக்கும் வாரிசு நிறுவனங்களுக்கும் சேர்த்தே விழுவதால், பழைய பெயர்களையும் விடக்கூடாது.

இந்தத் தடை சொத்தை முடக்குவதில்லை. அமெரிக்க அரசுத் துறைகள் அவர்களிடம் வாங்கக்கூடாது, அரசு உதவி கிடையாது, ராணுவத் தளவாட விற்பனை கிடையாது, இருபயன் பொருட்களுக்கு (சாதாரண வேலைக்கும் ராணுவத்துக்கும் பயன்படுபவை) புது ஏற்றுமதி லைசென்ஸ் கிடையாது, பழைய லைசென்ஸும் நிறுத்தம். அவ்வளவுதான். கெடு முடிந்தால் திறப்பது இந்தக் கதவுகள் மட்டுமே. அதுவும் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வழி பிறக்கிறதே தவிர, லைசென்ஸ் கைக்கு வந்துவிடாது.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். அமெரிக்க வணிகத்துறையின் என்டிட்டி லிஸ்ட்டுக்கு, அதாவது ஏற்றுமதிக்கு லைசென்ஸ் கட்டாயமான வெளிநாட்டு நிறுவனங்களின் பட்டியலுக்கு, கெடுவே இல்லை. பல துறைகள் சேர்ந்த குழு முடிவெடுத்து நீக்கும்வரை பெயர் அங்கேயே கிடக்கும். பேரழிவு ஆயுதங்களைப் பரப்புவோருக்கு எதிராக 2005-ல் வந்த 13382-ஆம் நிர்வாக ஆணையின்கீழ் கருவூலத்துறை பெயரைச் சேர்த்திருந்தால் சொத்தே முடக்கம், அதுவும் தானாகப் போகாது. கருவூலத்துறையின் முடக்கப் பட்டியலில் உள்ளவர்களின் பங்கு 50 சதவீதமோ மேலோ இருந்தால், பட்டியலில் பெயரே இல்லாத நிறுவனமும் முடக்கத்துக்குள் வரும். வெறும் பெயர்த் தேடலில் இது சிக்காது. பங்குதாரர் விவரத்தைக் கேட்டு வாங்கியே ஆகவேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், நிறுவனத்தின் பதிவை உங்கள் தடைச் சரிபார்ப்பு மென்பொருளிலிருந்து அழித்துவிடாதீர்கள். "தடை முடிந்தது" என்று குறித்து, அமல் தேதி, கெடு தேதி, சரிபார்த்த பட்டியல்கள், சரிபார்த்த நாள் நான்கையும் கோப்பில் எழுதி வையுங்கள். சரக்கு கிளம்பும் அன்று காலை மறுபடி ஒருமுறை தேடுங்கள். ஆர்டர் எடுத்த நாளில் கிடைத்த முடிவு சரக்கு கிளம்பும் நாளுக்குச் செல்லாது.