பாஸ்டனில் ஒரு எஸ்.பி.ஜி. சண்டை

எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் பாட்டி கேட்கும் முதல் கேள்வி படிப்போ சம்பளமோ இல்லை, "அவங்க எஸ்.பி.ஜி.யா, சி.எம்.எஸ்.ஸா?" என்பதுதான். தென் தமிழ்நாட்டில் எங்கள் நாசரேத் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டும் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த மிஷன் சங்கங்கள், திருநெல்வேலிச் சீமையை ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டு சபை வளர்த்தவை. 1947இல் இரண்டும் தென்னிந்தியத் திருச்சபைக்குள் ஒன்றாகிவிட்டன. பாட்டிக்கு மட்டும் ஆகவில்லை.

நாங்கள் எஸ்.பி.ஜி. கால்டுவெல் ஐயர், போப் ஐயர், நாசரேத் மர்காஷிஸ் ஐயர் எல்லோரும் நம்ம ஆள் என்று கேட்டு வளர்ந்தவன் நான் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்). அதனால், கால்டுவெல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே, 1763இல், இதே எஸ்.பி.ஜி.யைத் திட்டி பாஸ்டனில் அடித்துப் பிடித்துப் புத்தகம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அக்கா மகன் அங்கே படிக்கிறான். அவனைப் பார்க்கப் போன சாக்கில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிவிட்டேன். "எல்லாரும் திமிங்கிலம் பார்க்கப் போவாங்க மாமா, நீங்க மட்டும்தான் இப்படி" என்றான். ஆனாலும் கூடவே வந்தான்.

பாய்ல்ஸ்டன் தெருவில், அந்தச் சண்டைப் புத்தகங்களைப் பார்க்கக் கிடைக்கிற மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் இருக்கிறது, 1791இல் தொடங்கியது. பெயரைப் பதிவு செய்தால் போதும், காசு வாங்குவதில்லை. பையையும் பேனாவையும் வெளியே வைத்துவிட்டு, கையில் ஒரு பென்சிலோடு உள்ளே போக வேண்டும். மேசைமேல் சாய்வான ஸ்பாஞ்சுக் கட்டைகள், அதன்மேல்தான் புத்தகத்தைக் கிடத்துகிறார்கள், பச்சைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி.

நம் வீட்டில் கிடக்கும் 1950களின் பாட்டுப் புத்தகத்தைத் தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகிறது. இது 260 வருடத்துத் தாள், கந்தல் துணியில் செய்தது, விரலில் வளைந்து கொடுக்கிறது. பழைய அச்சில் எஸ் எழுத்து பாதி இடங்களில் எஃப் மாதிரியே இருப்பதால் முதல் பத்து நிமிடம் மிஷன் என்பதை 'மிஃபியன்' என்றே படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல் தனியாக நிற்கிறது, தாள்களை வரிசை மாறாமல் அடுக்குவதற்காம். அந்தக் காலத்தில் இந்தப் பிரசுரங்களை வெறுமனே தைத்துத்தான் விற்பார்கள், வாங்கினவர் நாலைந்தைச் சேர்த்துத் தன் செலவில் பைண்டு பண்ணிக்கொள்வார்.  அதனால் ஜென்மப் பகையாகச் சண்டை போட்ட இரண்டு பேர் ஒரே அட்டைக்குள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கிறார்கள்.

சண்டை இதுதான். ஈஸ்ட் ஆப்தார்ப் என்ற இளம் குருவானவர், பாஸ்டனின் பெரிய பணக்கார வியாபாரி வீட்டுப் பிள்ளை, இங்கிலாந்தில் படித்துவிட்டு எஸ்.பி.ஜி. மிஷனரியாக 1759இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்கிறார். அங்கேதான் ஹார்வர்டு. அதாவது, இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகள் பிடிக்காமல் கப்பலேறி வந்த பியூரிட்டன்கள் தங்கள் போதகர்களைத் தயாரிக்க உண்டாக்கிய கல்லூரி. அதன் வாசலில் போய் ஒரு மிஷன்! 1763இல் ஒரு மிஷனரி இறந்துபோக, பத்திரிகையில் யாரோ சங்கத்தைக் கிண்டலடித்து எழுத, ஆப்தார்ப் சங்கத்துக்கு வக்காலத்து வாங்கி ஒரு சின்னப் பிரசுரம் போட்டார். போட்டிருக்கவே வேண்டாம். பாஸ்டன் மேற்குச் சபையின் போதகர் ஜோனதன் மேஹ்யூ அதற்கு 170 பக்கத்துக்கு மேல் ஒரு பதில் எழுதினார்.

மேஹ்யூ கையில் எடுத்தது சங்கத்தின் 1701ஆம் வருடத்துப் பட்டயத்தை. வக்கீல் மாதிரி வரி வரியாகப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: குருமார் இல்லாத இடத்துக்கு அனுப்பத்தானே உங்களுக்குப் பணம் கொடுத்தார்கள், ஊருக்கு ஊர் கோயிலும் போதகரும் இருக்கிற நியூ இங்கிலாந்தில் உங்களுக்கு என்ன வேலை, அங்கே பூர்வகுடிகள் கேட்பாரற்றுக் கிடக்கிறார்களே? படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் எங்கள் ஊரில் பெந்தெகொஸ்தேக்காரர்களைப் பற்றி எங்கள் ஐயர்மார் மேடையில் சொல்வது அட்சரம் பிசகாமல் இதேதான்: புதுசா ஆடு தேடாம எங்க ஆட்டைத் திருடுறாங்க. அந்தக் குற்றச்சாட்டை முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டது நாங்கள்தான் போலிருக்கிறது.

அப்புறம் நடந்தது அருட்பா–மருட்பா கதைதான், மறுப்புக்கு மறுப்பு, அதற்கொரு மறுப்பு. கான்டர்பரி பேராயர் தாமஸ் செக்கரே 1764இல் பெயர் போடாமல் லண்டனிலிருந்து ஒரு பதில் எழுதினார். அதற்கும் மேஹ்யூ விடவில்லை. ஆப்தார்ப் 1765இல் இன்னொன்று எழுதினார், ஆனால் அதற்குள் அவர் ஊரைவிட்டே கிளம்பி இங்கிலாந்து போயாயிற்று. மேஹ்யூவும் 1766இல் இறந்துபோனார். இறையியல் என்று பார்த்தால் இத்தனை பக்கத்திலும் பெரிதாக ஒன்றுமில்லை, பல இடங்களில் அலுப்புத் தட்டியது. உள்ளே ஓடுகிற பயம்தான் விஷயம்: இவர்கள் அமெரிக்காவுக்கு ஒரு பிஷப்பைக் கொண்டுவந்து இறக்கப் போகிறார்கள், பிஷப் வந்தால் வரி வரும், திருச்சபை நீதிமன்றம் வரும்.

மருமகன் போனில் ஒரு கேலிச்சித்திரத்தை எடுத்துக் காட்டினான், 1769இல் லண்டனில் வந்தது. துறைமுகத்தில் ஒரு கூட்டம் பிஷப் வந்த கப்பலைக் கழியால் தள்ளுகிறது, பிஷப் பயந்துபோய்ப் பாய்மரக் கயிற்றில் ஏறிக்கொண்டிருக்கிறார், அவர் தலையைக் குறிவைத்து ஒரு தடித்த புத்தகம் பறந்து வருகிறது. புத்தகத்தின்மேல், பியூரிட்டன்களின் ஆசானான கால்வினின் நூல்கள் என்று எழுதியிருக்கிறது. பைபிளைத் தவிர எதையும் எறிவார்கள் போல. அமெரிக்காவுக்கு ஒரு ஆங்கிலிக்கன் பிஷப் கிடைப்பதற்கு 1784 ஆயிற்று, அதுவும் நாடு சுதந்திரம் வாங்கின பிறகு, ஸ்காட்லாந்தில் போய் அபிஷேகம் வாங்கிக்கொண்டு. நம் ஊர்க் கதையைப் பாருங்கள், 1877இல் ஒரே நாளில் கல்கத்தாவில் வைத்து இரண்டு பேரைத் திருநெல்வேலிக்கு உதவி பிஷப் ஆக்கினார்கள், எஸ்.பி.ஜி.க்கு கால்டுவெல், சி.எம்.எஸ்.ஸுக்கு சார்ஜென்ட். ஒருத்தர் தலையிலும் ஒரு புத்தகமும் விழவில்லை.

மத்தியானம் 1ஆம் நம்பர் பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டி கேம்பிரிட்ஜ் போனோம். ஆப்தார்ப் கட்டின வீடு இன்னமும் இருக்கிறது, ஹார்வர்டின் ஆடம்ஸ் ஹவுஸ் விடுதிக் கட்டிடங்களுக்கு நடுவே. உள்ளே விடமாட்டார்கள், லிண்டன் தெருவில் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணமாகிக் குடித்தனம் வைக்கிற ஒரு மிஷனரிக்கு இது ரொம்பவே பெரிய வீடு, நம் ஊர் பங்களா ஐயர் வீடெல்லாம் இதன்முன் ஒன்றுமில்லை. இதைப் பார்த்துத்தான் ஊரார் 'பிஷப்பின் அரண்மனை' என்று பெயர் வைத்தார்கள், ஆப்தார்ப்தான் அந்த முதல் பிஷப் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அவர் கோயில், 1761இல் திறந்த கிறைஸ்ட் சர்ச், கொஞ்சதூரம் தள்ளி பழைய கல்லறைத் தோட்டத்தை ஒட்டி நிற்கிறது, முழுக்க மரம். நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது.

வாசலில் ஒதுங்கி நின்றபடி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பாட்டியும் பக்கத்தில் இருந்தாள். கோயிலைக் காட்டி, பாட்டி, இது நம்ம சங்கம் கட்டின கோயில், இருநூற்று அறுபது வருசம் ஆச்சு என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

"எல்லாம் சரி, மரத்துல கட்டியிருக்கானே, கரையான் அரிக்காதா?"