அரை மில்லிமீட்டர்

ஜூன் 10, 2025, செவ்வாய்

இன்று நான் கடைந்த ஒரு ஷாஃப்ட், இரும்புத் தண்டு, குப்பைக்குப் போனது. 25.36 மில்லிமீட்டர் இருந்ததை 25.86 என்று படித்துவிட்டேன். நுட்பமாகத் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், அந்த அரை மில்லிமீட்டர் கோடு வெளியே வந்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு வந்த மாதிரி இருந்தது. இன்னொரு தரம் அளக்கச் சோம்பல்பட்டு 0.86 சீவி எடுத்தேன். 25 வரவேண்டியது 24.50இல் நின்றது. லேத்தில், கடைசல் இயந்திரத்தில், நிற்க ஆரம்பித்து 31 வருஷம் ஆகிறது. இப்படி ஒரு தப்பை நான் செய்வேன் என்று நினைத்ததே இல்லை.

காரணம் மூக்கின் மேல் இருக்கிறது. உள்ளே வெள்ளெழுத்துக்குப் போட்ட என் சொந்தக் கண்ணாடி. அதற்கு மேல் கம்பெனி கொடுத்த பெரிய பாதுகாப்புக் கண்ணாடி. பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் காலை பத்து மணிக்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் இரண்டுக்கும் நடுவில் ஆவி கட்டிவிடும். துடைக்க வேண்டுமென்றால் கழற்ற வேண்டும். கழற்றினால் சூப்பர்வைசர் கத்துவார். "அண்ணே, நீங்க கண்ணாடிக் கடையே வச்சிருக்கீங்க" என்று முரளி சிரிக்கிறான். சிரிக்கட்டும், அவனுக்கு வயது 24.

ஜூன் 14, சனி

கம்பெனி சொன்ன கடைக்குப் போனேன். முகத்தோடு ஒட்டி, காதுவரை வளைந்து போகும் ஃபிரேம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். மோட்டார் பந்தயக்காரன் மாதிரி இருந்தது. எனக்கும் பிடித்தது, பொய் சொல்லவில்லை. பக்கத்திலிருந்து இரும்புச் சுருள் புக வழியே இல்லை.

கண்ணைச் சோதிக்கவில்லை. என் பழைய கண்ணாடியை மெஷினில் வைத்துப் பவரை எடுத்துக்கொண்டார்கள்: தூரத்துக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75, படிக்கக் கூடுதலாக 2.00. ஃபிரேமை மாட்டி அளக்கவும் இல்லை. அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

ஃபிரேம் கம்பெனி கணக்கு, தூரமும் கிட்டவும் ஒரே லென்ஸில் தெரியும் புரோகிரசிவ் லென்ஸுக்கு நான் மேல்காசு தர வேண்டும் என்றார் ஆபீஸில் இருப்பவர். மலேசியாவின் 1994ஆம் வருஷத்து வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் இதற்கெல்லாம் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

ஜூன் 26, வியாழன்

வந்துவிட்டது. போட்டுக்கொண்டு லேத் முன்னால் நின்றால், அதன் நேரான அடித்தளம், பெட், வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரிகிறது. தலையைத் திருப்பினால் அது நெளிகிறது. ஸ்டோருக்கு இறங்கும் மூன்று படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், கர்ப்பிணிப் பெண் மாதிரி.

இன்னொரு கூத்து, மைக்ரோமீட்டரைப் படிக்கும் இடத்தையே காணோம். கண்ணை எவ்வளவு தாழ்த்தினாலும் ஃபிரேமின் கீழ் விளிம்புதான் தெரிகிறது. கடைக்குப் போன் அடித்தேன். "பழகிடும், ரெண்டு வாரம் போடுங்க."

ஜூன் 29, ஞாயிறு

பழகவில்லை. தலைவலி. "பழைய கண்ணாடியையே போடுங்களேன்" என்கிறாள் வீட்டுக்காரி. அவளுக்குப் பழைய ஷாஃப்ட் கதை தெரியாது.

ஜூலை 7, திங்கள்

ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நாள் என்று பினாங்குக்கு மட்டும் லீவு. மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி அக்கரையில் இருக்கும் ஜார்ஜ்டவுனுக்குப் போனேன். லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, தெரிந்தவர் சொன்ன ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். கண்ணைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் ஒரு தமிழ்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும்.

கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் முதலில் கேட்டது, "அங்கிள், வேலையில நீங்க எங்கெங்க பாப்பீங்க?" இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. யோசித்துச் சொன்னேன். வெட்டும் இடம், கையில் மைக்ரோமீட்டர், எண் காட்டும் ரீட்அவுட் பெட்டி, பக்கத்து மேசையில் டிராயிங். நான் லேத்தில் நிற்பது போலவே நிற்கச் சொல்லி டேப் பிடித்தாள். வெட்டும் இடம் 62 சென்டிமீட்டர். மைக்ரோமீட்டர் 40. ரீட்அவுட் 80, அதுவும் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே.

"புரோகிரசிவ்ல மேல தூரம், கீழ கிட்ட, நடுவுல ஒரு ஒடுங்கின பாதை. ரெண்டு பக்கமும் மங்கல்தான், அது எந்தக் கம்பெனி லென்ஸ் வாங்கினாலும் இருக்கும். நீங்க 80 சென்டிமீட்டர்ல இருக்கறத தூரத்துப் பகுதி வழியா பாக்கறீங்க. அதான் மோவாயத் தூக்கறீங்க." தூக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

அப்புறம் வளைவு. சாதாரண ஃபிரேமுக்கு லென்ஸ் 4, 6 வளைவில் இருக்கும், இது 8. அதோடு லென்ஸ் கண்ணுக்கு நேராக நிற்காமல் 20 டிகிரி போலப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. அப்படித் திரும்பினால் பவர் மாறும். என்னுடைய மைனஸ் 1.75க்கே, சீட்டில் இல்லாத சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் இருக்கும் பவர், கால் டயாப்டருக்குக் (பவரின் அளவு அது) கிட்ட தானாக முளைத்துவிடும். மைனஸ் 5 போடுகிறவருக்கு அது அரை டயாப்டரைத் தாண்டும். அதைக் கணக்குப் போட்டு ஈடுகட்டித்தான் லென்ஸைக் கடைய வேண்டும். அதற்கு ஃபிரேமை முகத்தில் மாட்டி, கருவிழி நடு, சாய்வு, வளைவு, கண்ணிலிருந்து தூரம் எல்லாம் அளக்க வேண்டும். என் கடைக்காரர்கள் எதையும் அளக்கவில்லை. தட்டையான கண்ணாடியின் பவரை வளைந்த ஃபிரேமில் அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். ஒருத்தன் காலுக்கு அளவெடுத்து இன்னொருத்தன் செருப்பைத் தைத்த கதை.

கீழ்ப்பகுதி காணாமல் போனதற்கும் பதில் கிடைத்தது. ஃபிரேம் உயரம் குறைவு, லென்ஸின் பாதை நீளம். படிக்கும் பகுதியை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

"இவ்வளவு வளைஞ்ச ஃபிரேம்தான் வேணும்னு கம்பெனி சொல்லுதா, இல்ல பக்கம் மூடியிருந்தா போதுமா?" அடுத்த கேள்வி. பக்கம் மூடியிருந்தால் போதும். அப்படியானால் 6 வளைவில், உயரம் கூடிய, பக்க மறைப்போடு வார்த்த ஃபிரேமே எனக்குச் சரி என்றாள். வளைந்த ஃபிரேமுக்குள் தனியாகப் பவர் லென்ஸ் மாட்டும் வகையும் காட்டினாள். எனக்கு வேண்டாம், மறுபடி இரண்டு அடுக்கு, மறுபடி ஆவி. மேலே தூரம், கீழே கிட்ட என்று இரண்டே பகுதி உள்ள பைஃபோகலும் யோசித்தோம். கிட்டப் பார்வை அகலமாகக் கிடைக்கும், தரையும் நெளியாது, ஆனால் 62 சென்டிமீட்டருக்கு அதில் இடமே இல்லை. என் பிழைப்பே அந்த 62இல்தான்.

லென்ஸ் டிரைவெக்ஸ், அடி தாங்கும் ஒரு வகைப் பிளாஸ்டிக். பாலிகார்பனேட்டும் அடி தாங்கும், ஆனால் ஓரத்தில் டியூப் லைட்டைச் சுற்றி வண்ணக்கோடு தெரிவது அதில்தான் அதிகம். தின்னர் பட்டாலும் அது வெடிப்பு விடும். எங்கள் பட்டறையில் கண்ணாடியைத் தின்னரில் துடைக்கிற மகான்கள் உண்டு.

கிளம்பும்போது ஃபிரேமின் காதுக்கம்பியில் பொடி எழுத்தைக் காட்டினாள், இசட்87-2. பவர் லென்ஸ் போடுவதற்கென்றே அமெரிக்கத் தரப்படி வந்த ஃபிரேம் என்று அர்த்தமாம். லென்ஸில் இசட்87+ இருக்க வேண்டும். 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை விநாடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் அடித்துப் பார்க்கும் சோதனை அது. பாதுகாப்பு ஃபிரேமில் சாதாரண லென்ஸை மாட்டினால் அது பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. முதல் கடையில் வாங்கிய வளைந்த கண்ணாடியை எடுத்துப் பார்த்தோம். லென்ஸில் ஒரு குறியும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

அந்தக் குறி இல்லாத லென்ஸை ஆபீஸ் மேசையில் வைத்தேன். இந்தத் தடவை 'பார்க்கலாம்' இல்லை. பில்லைக் கொண்டுவரச் சொன்னார்.

ஜூலை 22, செவ்வாய்

புதுக் கண்ணாடி. அந்தப் பெண் மாட்டிவிட்டு, லென்ஸில் பேனாவால் போட்டிருந்த புள்ளி என் கருவிழிக்கு நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இடது பக்கம் ஒரு மயிரிழை இறக்கம். மூக்குப் பட்டையை வளைத்துச் சரிசெய்த பிறகுதான் புள்ளியைத் துடைத்தாள். நானும் அப்படித்தான், டயல் கேஜில் முள் அசையாமல் நின்றால்தான் லேத்தில் வேலைத்துண்டைப் பிடிக்கும் 'சக்'கை இறுக்குவேன்.

ஓரத்தில் மங்கல் இன்னும் இருக்கிறது. கண்ணை மட்டும் உருட்டாமல் மூக்கையே அந்தப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பெட் நேராக இருக்கிறது. மைக்ரோமீட்டரில் அரைக் கோடு வந்திருக்கிறதா இல்லையா என்று சந்தேகமே வரவில்லை. இருந்தாலும் இரண்டு தரம் அளக்கிறேன்.

ரீட்அவுட்டுக்கு மட்டும் இன்னும் மோவாய் தூக்க வேண்டியிருந்தது. மத்தியானம் அலன் சாவியை எடுத்து, தாங்கியின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, பெட்டியை ஒரு சாண் கீழே இறக்கிவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை.

ராத்திரி ஷிஃப்டுக்கு வந்த முரளி, "யாருண்ணே இத இறக்கினது? நான் குனிய வேண்டியிருக்கு" என்றான். குனியட்டும்.