பெயரைக் கடைசியில் படி: ஒரு சுகேசதா வாளை அடையாளம் கண்ட அனுபவம்

பழைய ஜப்பானிய வாள் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, "லைசென்ஸ் இருக்கா?" என்பதுதான். ஜப்பானில் வாங்குகிற ஆளுக்கு லைசென்ஸ் கிடையாது, வாளுக்குத்தான் பதிவு. 1951 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது. மாகாணக் கல்வி வாரியம் வாளைப் பார்த்து, தோரோகுஷோ என்ற பதிவுச் சீட்டைக் கொடுக்கும். வாளின் வகை, நீளம், வளைவு, கைப்பிடிக்குள் நுழையும் பகுதியில் உள்ள துளைகள், பொறித்திருக்கும் பெயர் எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். மரபு முறையில் அடித்த வாளுக்கு மட்டும்தான் இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆலைகளில் மொத்தமாகச் செய்த ராணுவ வாளுக்குச் சீட்டு கிடைக்காது.

வேலைக்காக டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் இருக்கிறேன். என் சம்பளத்துக்கு எட்டுவது வாகிசாஷிதான். 30 சென்டிமீட்டருக்கு மேல், 60-க்குள் இருக்கும் குறுவாள் அது. சாமுராய் மட்டுமே இரண்டு வாள் செருகலாம் என்றிருந்த எடோ காலத்தில் (1603–1868) வணிகர்களும் பயணம் போகும்போது வாகிசாஷி வைத்துக்கொள்ள முடிந்தது. அதனால் நிறையவே மிஞ்சியிருக்கிறது, விலையும் நீளமான கதானாவை விடக் குறைவு. தொடங்குகிறவர்கள் இதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. அதே கொல்லர்கள், அதே எஃகு.

டோக்கியோ கடையில் நான் பார்த்தது "பிஷூ ஒசாஃபுனே சுகேசதா" என்று பெயர் பொறித்த வாகிசாஷி. பிஷூ என்பது பிசென் என்ற பழைய நாடு, ஒசாஃபுனே அங்கிருந்த வாள் கொல்லர் ஊர், சுகேசதா கொல்லரின் பெயர். பின்புறம் டென்ஷோ 2-ஆம் ஆண்டு எட்டாம் மாதம், அதாவது 1574. கடைக்காரர் முதலில் காட்டியதும் அந்தப் பெயரைத்தான். இந்தத் துறையில் பெயரை நம்பித் தொடங்கினால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். கொத்தேட்சு, சுகேஹிரோ போன்ற பெரிய பெயர்களுக்குப் போலிப் பொறிப்புகள் ஏராளம். சுகேசதாவில் வேறு ஒரு சிக்கல்: 16-ஆம் நூற்றாண்டு ஒசாஃபுனேயில் அந்தப் பெயரைப் பல கொல்லர்கள் பொறித்தார்கள்.

பெயரை மறந்துவிட்டுப் பார்க்க நான் கற்றுக்கொண்டது கான்தெய் கூட்டங்களில். ஐந்து வாள்களை வரிசையாக வைத்திருப்பார்கள். நகாகோ, அதாவது கைப்பிடிக்குள் போகும் அடிப்பகுதி, மூடியிருக்கும். வாளுக்கு வணக்கம் வைத்து, கையில் எடுத்துப் பார்த்து, யார் செய்தது என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் "அதாரி". வட்டாரம் மட்டும் பொருந்தினால் "கைதோ யோஷி". இல்லையென்றால் "இயா", இல்லை என்ற ஒரே சொல். பக்கத்தில் நிற்கும் தாத்தா வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார், எச்சில் பட்டால் வாள் துருப்பிடிக்கும். ஆனால் கூட்டம் முடிந்ததும் ஏன் "இயா" என்று பொறுமையாக விளக்குவார். எந்தப் புத்தகமும் இவ்வளவு சொல்லித் தந்ததில்லை.

அங்கே பழகிய வரிசையிலேயே கடையிலும் பார்த்தேன். முதலில் வடிவம். வளைவு நடுவில் இல்லாமல் முனைப்பக்கம் கூடியிருந்தது. குதிரையிலிருந்து வெட்டும் காலம் போய், தரையில் நின்று சட்டென்று உருவி வெட்டும் காலத்து வளைவு அது. அப்புறம் வாளை ஒற்றை பல்பை நோக்கி நீட்டி, கோணத்தை மெல்ல மாற்றினேன். ஹாமோன் தெளிந்தது. களிமண் பூசிச் சூடாக்கி நீரில் தோய்க்கும்போது, கூர் விளிம்பு நெடுக உருவாகிற வெண்மையான கோடுதான் ஹாமோன். இதில் அலைகளின் அடிப்பகுதி அகலமாக விரிந்து, உச்சி இரண்டாகப் பிளந்து நின்றது. நண்டுக் கொடுக்கு என்றே ஜப்பானியர் இதைச் சொல்வார்கள். பிந்தைய பிசென் வேலையின் முகவரி அதுதான். மேல்பரப்பில் மரத்தின் நுண்ணிய ரேகை போல மடிப்பு எஃகின் தடம். கூர் விளிம்பைக் குறுக்கே வெட்டும் மயிரிழை விரிசல் எங்காவது இருக்கிறதா என்று அடி முதல் நுனி வரை தேடினேன். ஹாகிரே என்ற அந்த விரிசல் இருந்தால் வாள் முடிந்தது, என்ன பெயர் இருந்தாலும் வாங்கக் கூடாது. இல்லை.

கடைசியில்தான் நகாகோ. மூங்கில் ஆணியைச் சிறு பித்தளைச் சுத்தியலால் தட்டி எடுத்தார் கடைக்காரர். வாளை இடது கையில் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, அந்த முஷ்டியின் மேல் வலது முஷ்டியால் இரண்டு தட்டு. நகாகோ தளர்ந்து மேலே எழும்பியது. நானூறு ஆண்டுத் துரு கறுத்த பழுப்பாக, தடவினால் வழவழப்பாக இருக்கும். செயற்கைத் துரு சிவந்து, பொடிப்பொடியாக நிற்கும். உளி இறங்கிய எழுத்துக் குழிக்குள்ளும் வெளியிலும் துருவின் நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒன்றாகவே இருந்தது. இந்தத் துருவை யாராவது ஆர்வக்கோளாறில் தேய்த்து எடுத்துவிட்டால் வாளின் வயதுச் சான்றே போய்விடும்.

எட்டாம் மாதம் என்ற பொறிப்பும் பொருந்தியது. ஒசாஃபுனே வாள்களில் இரண்டாம் மாதம், எட்டாம் மாதம் என்ற இரண்டும்தான் திரும்பத் திரும்ப வரும். வாள் அடித்து முடித்த நாளைக் குறிப்பதைவிட, அது வழக்கமாகிப்போன பொறிப்பு. ஒசாஃபுனே, இன்றைய ஒகாயாமாவின் யோஷியி ஆற்றங்கரை ஊர். போர்க்காலத் தேவைக்கு வாள்களை மொத்தமாக அடித்துத் தள்ளினார்கள். 1590 வாக்கில் வந்த பெருவெள்ளத்தோடு அந்தத் தொழில் சரிந்தது. மொத்த வேலையில் "பிஷூ ஒசாஃபுனே சுகேசதா" என்று சுருக்கமாகப் பொறிப்பார்கள். ஆர்டர் கொடுத்துச் செய்த வாளில் "பிசென் நாட்டு" என்று தொடங்கி, யோசோசாஎமோன்-நோ-ஜோ போன்ற கொல்லரின் சொந்தப் பெயரும் இருக்கும், விலை எங்கோ போய்விடும். என்னுடையது முதல் வகை. ஆனால் மொத்த வேலை என்பதால் மட்டமானது என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த ஹாமோனை அடித்தவருக்குக் கை நன்றாகவே ஓடியிருக்கிறது.

சீட்டில் இருந்த அளவும் வாளின் அளவும் ஒத்துப்போயின. முனையிலிருந்து முதுகுப்புற வெட்டுவாய் வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும், வளைவோடு அளக்கக் கூடாது. அளவு ஒத்துப்போகாத வாளை வாங்கினால் வேறு வாளின் சீட்டு மாறி வந்திருக்கலாம், பெரிய தலைவலி. வாங்கியபின் 20 நாளுக்குள் உரிமையாளர் மாற்றத்தை எழுதி அனுப்ப வேண்டும். நாம் வசிக்கும் மாகாணத்துக்கு அல்ல, சீட்டு கொடுத்த மாகாணத்தின் கல்வி வாரியத்துக்கு. ஒரே பக்கப் படிவம், தபாலிலேயே முடிந்தது.

அடுத்தது ஷின்சா, நிபுணர் குழுவின் ஆய்வு. 1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் இதை நடத்துகிறது. டோக்கியோவின் ரியோகோகுவில் பழைய யசுதா தோட்டத்தில், 2018-இல் திறந்த வாள் அருங்காட்சியகம் அவர்களுடையதுதான். வாளையும் பதிவுச் சீட்டின் நகலையும் படிவத்தோடு கொடுத்துவிட்டு வந்தேன். ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ என்று நான்கு படிகள். சில மாதம் கழித்து ஹோசோன் சான்றிதழ் வந்தது. நகாகோவின் படம் ஒட்டி, "வாகிசாஷி, பொறிப்பு: பிஷூ ஒசாஃபுனே சுகேசதா" என்று எழுதியிருந்தது. பொறிப்பு அசல் என்று சங்கம் ஏற்றுக்கொண்டது என்பதுதான் அதன் பொருள். பல சுகேசதாக்களில் எவர் என்று அது சொல்லாது, சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வாளோடு வந்த ட்சுபாவை, அதாவது கைகாப்புத் தகட்டை, தனியாக அனுப்ப வேண்டியிருந்தது. வாளை விட இளையது, எடோ காலத்து இரும்பு. இதில் பயப்பட வேண்டியது வார்ப்பு நகல். துளைகளின் உட்சுவரில் வார்ப்புத் தையல் கோடு, பரப்பில் குமிழிக் குழி தெரிந்தால் அது நகல். என்னுடையதன் விளிம்பில் தெக்கோட்சு இருந்தது. அடித்த இரும்பில் கடினமான துண்டுகள் தேயாமல் முண்டுமுண்டாக நிற்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், விரலால் தடவினாலே தெரியும். நடுத்துளையின் ஓரத்தில், வேறு வேறு வாள்களுக்குப் பொருத்த உளியால் நெரித்த தடங்களும் உண்டு. ஷோஆமி என்று முடிவு வந்தது. பெயர் பொறிக்காத இரும்பு ட்சுபாக்களுக்கு அடிக்கடி கிடைக்கும் தீர்ப்பு அது, அந்தக் கைவினை மரபு பல மாகாணங்களில் பரவியிருந்தது.

ஊருக்குக் கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: ஜப்பானை விட்டு வாளை எடுத்துப் போக கலாச்சார முகமையின் ஏற்றுமதிச் சான்று வாங்கி, தோரோகுஷோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள வாள் ஆயுதச் சட்டத்துக்குள் வரும். அதனால் வாள் சைதாமாவில்தான் இருக்கப்போகிறது. கிராம்பெண்ணெய் வாசனையுள்ள வாள் எண்ணெயைப் புதுப்பித்து, மக்னோலியா மர உறையில் வைத்திருக்கிறேன். அலகில் பழைய கீறல்கள் சில உண்டு. மெருகிடும் கலைஞர் வாளின் நீளத்தைக் கணக்கிட்டுத்தான் கூலி கேட்பார், அதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.