சாமி பேருக்கே பண்ணிடுங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல எங்க பெரியம்மா பொறந்து வளந்த எஸ்டேட்டு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிட்டு வந்தோம். லயத்து வீடெல்லாம் இடிச்சு ரொம்ப காலமாச்சு, பெரியம்மா காண்டா (பால் வாளி தொங்குற தோள் கம்பு) தூக்கிப் பால் வெட்டுன ரப்பர் காடு முழுக்க இப்ப எண்ணெய் எடுக்குற செம்பனை, ஆனா திருவிழான்னா கோலாலம்பூர், ஜொகூர்னு எங்கெங்கயோ போனவங்க எல்லாரும் வந்துடுறாங்க, அதுவே அம்மாளோட சக்திதான்.

பெரியம்மாவுக்கு 80 தாண்டிருச்சு. இருதயம் பலவீனம், ஆபரேஷன் பண்ணலாம் ஆனா இந்த வயசுல ரிஸ்க்குன்னு டாக்டர் சொன்னதும், மருந்தே போதும்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. எனக்குத்தான் மனசு ஆறல. ஆயுசு குடு தாயேன்னு ஒரே வேண்டுதலோட போனேன். அர்ச்சனைத் தட்டக் குடுத்ததும் பூசாரி பேரு, நட்சத்திரம் கேட்டாரு, நான் வாயெடுக்குறதுக்குள்ள பெரியம்மா என் கையப் புடிச்சு அமுக்கிட்டு "சாமி பேருக்கே பண்ணிடுங்கய்யா"ன்னாங்க. தீபாராதனை காட்டுறப்ப நாங்கல்லாம் கண்ண மூடிக் கும்புட, அவங்க மட்டும் மூடவே இல்ல, மஞ்சக்காப்புல இருந்த அந்த முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

ஏன் பெரியம்மா அப்படின்னு வெளிய வந்து கேட்டேன். "எங்கப்பாவ சயாம் ரயிலுக்கு ஜப்பான்காரன் கொண்டு போனப்ப நான் கைக்கொழந்த, அவரு முகமே எனக்குத் தெரியாது, எங்கம்மா சாகுற வரைக்கும் இதே வாசல்ல நின்னு அவரக் கேட்டுச்சு. நான் பேரப்புள்ள கல்யாணமே பாத்துட்டேன். செம்பனையே 25 வருஷம் ஆனா ஒசந்துருச்சுன்னு சாச்சுட்டு வேற நடுறான், நான் மட்டும் நின்னுக்கிட்டே இருக்கணுமா?"

1942, 43ல சயாம்லேர்ந்து (இப்ப தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளத்துல நம்ம தோட்டத்து ஜனங்க ஆயிரக்கணக்குல செத்தாங்கன்னு படிச்சிருக்கேன், ஆனா தகப்பன் முகம் தெரியாத ஒருத்தர் பக்கத்துல ஒக்காந்து சொல்றப்ப எனக்குப் பேச்சே வரல. உள்ள திரும்பிப் போயி அம்மாள்கிட்ட என் வேண்டுதல மாத்திக்கிட்டேன், இருக்குற வரைக்கும் பெரியம்மா இப்படியே இருக்கட்டும்னு.

சாயங்காலம் தீமிதி. முன்னெல்லாம் அவங்களே எறங்குவாங்க, இந்தத் தடவ குழி ஓரத்துல நாற்காலி போட்டு ஒக்காந்து, மிதிச்சு வந்த புள்ளைங்களுக்கு விபூதி பூசி விட்டாங்க. அன்னதானத்துல ரசம் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்புட்டு, அடுத்த வருஷம் நான் இல்லாட்டியும் நீ வந்துரணும், அப்பவும் சாமி பேருக்குத்தான் பண்ணணும்னு என்கிட்ட கண்டிஷனா சொல்லிட்டாங்க. சரின்னுட்டேன்.